காய்ந்த கரி

காலையில் எழுந்ததும் சம்பத் ஜன்னல் கட்டையைத் துடைப்பான். அதற்கென்று ஒரு துணி கொடியில் தொங்கும். துடைத்த துணியை அடிபம்புக்குக் கீழே அலசினால் தண்ணீர் கறுத்து ஓடும். பிறகு குடங்களை நிரப்பி உள்ளே வைப்பான். பால் பூத்துக்குப் போய் வருவான். காரின் பானெட்டைத் தூக்கி, ஆயில் குச்சியை உருவித் துடைத்து, மறுபடி செருகி உருவிப் பார்ப்பான். ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றுவான். அதன் பிறகு கை கழுவுவான். முதலில் மண்ணெண்ணெய், அப்புறம் சலவை சோப்பு, அப்புறம் தேங்காய் நார். நகக்கண் வெளுக்கும்வரை தேய்ப்பான். அதற்குள் உள்ளே மகள் கிளி விழித்து இருமத் தொடங்கியிருப்பாள்.

“ஐயரு ஊட்டு மாப்ளயாட்டம் எம்மா நேரம் கயுவறே? கொழந்த அழுவுது, வந்து தூக்கு” என்பாள் கங்கையம்மாள்.

“வரேன் அத்தை.”

“கை தேஞ்சிடப் போவுது. அப்பால ஸ்டேரிங்க காலாலதான் புடிக்கணும்.”

கையை முகர்ந்து பார்ப்பான். வாசனை இருந்தால் இன்னொரு முறை சோப்பு போடுவான். அதற்குப் பிறகுதான் குழந்தையைத் தொடுவான்.

கங்கையம்மாள் அவன் மாமியார். ஐப்பசி மழையில் ஜெயக்கொடி இளைப்பு கண்டு இறந்த பிறகு, திருநீர்மலையில் மகன் வீட்டை விட்டு இங்கே வந்துவிட்டாள், பேத்தியைப் பார்த்துக்கொள்ள. வரும்போது ஒரு டிரங்குப் பெட்டியும் தன் ஆட்டுக்கல்லும் கொண்டுவந்தாள். சம்பத் வீட்டில் ஏற்கெனவே ஓர் ஆட்டுக்கல் இருந்தது. “அது அரைக்காது, மாவத் துப்பும்” என்று சொல்லி அதன்மேல் குடத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டாள். இப்போது பங்குனி. முடிச்சூர் ரோட்டில் காலை எட்டு மணிக்கே தார் இளகியது.

அந்த ரோட்டோரம் சம்பத்தின் அப்பா உழுத நிலம் மனையாகி, மனை வீடாகி, வீடுகளுக்கு மாடியும் வந்துவிட்டது. காலனி என்று பெயர். நிலம் போனதில் கிடைத்த பங்கை வைத்து, பி.எஸ்ஸி. இயற்பியல் படித்திருந்த சம்பத், வேலைக்கு மனுப்போட்டு அலையாமல் பழைய அம்பாசடர் ஒன்று வாங்கினான். காலையில் காலனிக்காரர்களைத் தாம்பரம் ஸ்டேஷனில் இறக்கிவிடுவான். பகலில் கல்யாணம், ஆஸ்பத்திரி, வண்டலூர் மிருகக்காட்சி சாலை என்று சவாரி கிடைக்கும். பெட்ரோல் விலை எகிறிய வருஷம், திருமுடிவாக்கம் எஸ்டேட்டில் ஷெட் வைத்திருந்த லாசரஸிடம் வண்டியை விட்டு, பெட்ரோல் எஞ்சினைக் கழற்றிவிட்டு, அடிபட்ட வேன் ஒன்றின் டீசல் எஞ்சினைப் பொருத்தினான்.

எஞ்சின் உட்கார்ந்துவிட்டது. காற்று வடிகட்டும் டப்பாதான் உட்காரவில்லை. அதை மேலே வைத்தால் பானெட் மூடவில்லை. லாசரஸ் அதை ஓரமாகத் தள்ளி வைத்து, இடது பக்க முன்விளக்குக்குக் கீழே இருந்த சின்ன விளக்கைப் பிடுங்கிவிட்டு, அந்த ஓட்டையில் ஒரு ரப்பர் குழாயின் வாயைச் செருகினான். “வண்டி ஓட ஓடக் காத்து நேரா உள்ள பூரும் வாத்யாரே. எந்தக் கம்பெனிக்காரனுக்கும் இந்த ஐடியா வராது” என்றான். வாய்க்கு ஒரு கம்பிவலையும் போட்டான். வலை முதல் மழையிலேயே எங்கோ விழுந்துவிட்டது. ஜெயக்கொடி அதை ஒத்த மூக்கு வண்டி என்பாள்.

அந்த வண்டிதான் இப்போது புகை விட்டது. கொஞ்சமாக அல்ல. கிளம்பும்போது பின்னால் கறுப்புத் திரை ஒன்று எழும்பி, வீட்டுச் சுவரில் சாய்ந்து, ஜன்னல் வழியாக உள்ளே போனது. கிளி படுக்கும் அறை அது. வண்டியை வேறு எங்கும் நிறுத்த இடமில்லை. ஒரு பக்கம் காலனிச் சுவர், இன்னொரு பக்கம் சாக்கடை.

“சம்பத், தப்பா எடுத்துக்காதே” என்றார் தோத்தாத்ரி, காலனியிலிருந்து தினமும் ஸ்டேஷனுக்கு வருகிறவர், கோட்டையில் செக்‌ஷன் ஆபீசர். “நேத்து ஆபீஸ்ல பியூன் கேக்கறான், சாருக்கு ரயில்வேல கரி அள்ளற போஸ்டிங் ஆயிடுத்தான்னு. காலரைப் பார்.”

“பாத்துக்கிட்டுதான் இருக்கேன் சார். சரி பண்ணிடறேன்.”

“தை மாசத்திலேர்ந்து இதையே சொல்றே. எல்லாரும் ஆட்டோ பேசலாம்னு சொல்றா. நான்தான் கொஞ்சம் பொறுங்கோன்னு சொல்லிண்டிருக்கேன்.”

தை மாதத்திலிருந்து என்று அவர் சொன்னதை சம்பத் பிடித்துக்கொண்டான். “அதுக்கு முன்னாடி பொகை இல்லையா சார்?”

“அதை என்னைக் கேட்டா? வண்டி உன்னுதுப்பா.”

ஆட்டோ வந்தால் வரட்டும் என்று இருந்தது சம்பத்துக்கு. அவனை அரித்தது வேறு.

முந்தின ஞாயிற்றுக்கிழமை ஜெயக்கொடியின் அண்ணன் பொன்னுரங்கம் வந்திருந்தான். செங்கல், மணல் வியாபாரம். நாலு பேர் பேச வேண்டியதை ஒருவனே பேசுவான். வந்ததும் கிளியைத் தூக்கி முகம் பார்த்தான். மூக்கைத் துடைத்து, விரலை சம்பத்திடம் காட்டினான். கறுப்பு.

“மாப்ளே, நான் சுத்தி வளைக்கல. கொழந்தய நான் இட்டுக்கினு போறேன்.”

“எங்க மச்சான்?”

“எங்கவா? தாய்மாமன் ஊட்டுக்குத்தான். அங்க என் பொண்ணுங்க ரெண்டு கீது, அதுங்களோட இதுவும் தின்னுட்டு வெளையாடிட்டுக் கெடக்கும். நீ வேண்டியப்ப வந்து பாரு.”

“கிளி இங்கதான் இருக்கும்.”

“இருந்து? எந்தங்கச்சி இருந்த மாரியா?” பொன்னுரங்கம் குரலைத் தாழ்த்தவில்லை. “அதுக்கு இளைப்பு பொறந்ததுலேந்து கீது, நான் இல்லேங்கல. எங்க ஊட்ல எப்பனா ஒரு தபா வரும், கசாயம் வெச்சுக் குடுத்தா போய்டும். நீ இந்த டீசல் பெசாசக் கொண்டாந்து ஜன்னலாண்ட நிறுத்தனப்பறம்தான்…”

உள்ளே கங்கையம்மாள் பாத்திரத்தை நங்கென்று வைத்தாள். “நிறுத்துடா. உங்கூட்ல மட்டும் இன்னா கொடைக்கானலு காத்தா வீசுது? வாசப்படில செங்கத் தூளு. சோத்துல மண்ணு.”

“நீ சும்மா இரும்மா. தூசி வேற, பொகை வேற.”

“அப்ப இவ்ளோ பொகை இல்ல மச்சான்” என்றான் சம்பத்.

“யாரு கண்டது? நீ சொல்றே.”

யார் கண்டது? சம்பத்தே காணவில்லை. ஐப்பசியில் மழை. மழையில் எந்த வண்டியும் புகை விட்ட மாதிரிதான் தெரியும். ஜெயக்கொடியைப் பின்சீட்டில் கிடத்தி ஆஸ்பத்திரிக்குப் போன காலையில் கண்ணாடியில் பார்த்தது அவள் முகத்தை. வண்டிக்குப் பின்னால் என்ன நிறத்தில் புகை வந்தது என்று பார்க்கவில்லை. அதற்குப் பிறகு வந்த நாட்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டுவிட்டன. எந்தக் கரி எந்த மாதத்துக் கரி என்று பிரிக்க முடியவில்லை.

“வர்ற ஞாயித்துக்கெழம வரேன்” என்றான் பொன்னுரங்கம். “வண்டி பொகை உடாம நின்னுச்சா, நான் வாயத் தொறக்கல. இல்லியா, கொழந்தயோட துணிமணிய மூட்ட கட்டி வை. ஊர்ல நாலு பேரக் கூப்ட்டு வெச்சுப் பேச வெக்காத.”

அவன் போன பிறகு கங்கையம்மாள் ஆட்டுக்கல்லின் முன் உட்கார்ந்தாள். மாவைத் தள்ளிக்கொண்டே கேட்டாள்.

“கடசியா அது இன்னா சொல்லிச்சு? இன்னொரு தபா சொல்லு.”

வாரம் ஒருமுறை கேட்பாள். ஜெயக்கொடியின் கடைசி நேரத்தில் அவள் ஆஸ்பத்திரி வாசலில் டீக்கடையில் வெந்நீருக்கு நின்றுகொண்டிருந்தாள். வார்டில் இருந்தது சம்பத் மட்டும்தான்.

“அம்மாவப் பாத்துக்கோன்னு சொல்லிச்சு.”

“ம்.” முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு மறுபடி மாவைத் தள்ளினாள்.

அந்த வாரம் சம்பத்தால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. சவாரிக்கு நடுவில் எங்காவது நிறுத்திப் பின்னால் போய்ப் பார்ப்பான். சிக்னலில் நிற்கும்போது பக்கத்து லாரியின் புகையைப் பார்ப்பான். சாப்பிடும்போது பாதியில் எழுந்து போய் பானெட்டைத் திறப்பான். “சோறு ஓடிப் போவாது, வண்டியும் ஓடிப் போவாது, குந்தித் தின்னு” என்பாள் கங்கையம்மாள். வெள்ளிக்கிழமை சவாரியைத் தள்ளிவிட்டு திருமுடிவாக்கம் போனான்.

லாசரஸின் ஷெட்டில் தகரக் கூரை அனலடித்தது. பக்கத்து யூனிட்டில் லேத் ஒன்று விடாமல் கிறீச்சிட்டது. லாசரஸ் பனியனோடு வந்தான். வண்டியைப் பார்த்ததும் தலையில் கை வைத்தான்.

“மறுபடியுமா? இன்னா பேஜாராப் பூட்சே! டீசல் பம்ப்பக் கம்மி பண்ணேன். நாசில் நாலையும் கயட்டி டெஸ்ட் பண்ணேன், பூவாட்டம் தெளிக்குது. இன்னும் இன்னாத்தப் பண்றது? எஞ்சின எறக்கிடலாம் சம்பத்து. பிஸ்டன் ரிங்கு போயிருக்கும்.”

“ரிங்கு இல்ல.”

“நீ சொல்லிட்டியா? அப்ப சரி. பி.எஸ்ஸி. சொல்லிட்டா எஞ்சின் கேட்டுக்கும்.”

சம்பத் பின்னால் போய்க் குந்தினான். சைலன்சர் வாய்க்குள் விரலை விட்டுச் சுழற்றி, வெள்ளைக் கைக்குட்டையில் துடைத்தான். லாசரஸிடம் நீட்டினான்.

“தேய்ச்சுப் பாரு.”

லாசரஸ் இரண்டு விரலில் தேய்த்தான். ஊதினான். பறந்தது.

“ரிங்கு போய் ஆயில் எரிஞ்சா கரி பிசுபிசுன்னு ஒட்டும். இது காஞ்ச கரி” என்றான் சம்பத்.

“அதத்தான் நானும் சொல்ல வந்தேன்” என்றான் லாசரஸ், கொஞ்சமும் வெட்கப்படாமல். “காஞ்ச கரின்னா ரெண்டுதான். ஒண்ணு, டீசலு ஜாஸ்தி. இல்ல, காத்து கம்மி. டீசல நான் கொறச்சிட்டேன். மேடு ஏற மாட்டேங்குது, அந்த அளவுக்குக் கொறச்சிட்டேன்.”

“காத்து?”

“போன தபா நீ வந்தப்பக் கூட ஃபில்டரத் தொறந்து பாத்தேனே. புத்தம் புதுசாட்டம் கீது. இதோ, நீயே பாரு.”

டப்பாவைத் திறந்து உள்ளேயிருந்த வடிகட்டியை எடுத்துக் காட்டினான். வெள்ளையாக இருந்தது. இருவரும் அதைப் பார்த்தார்கள். சம்பத் அதை வாங்கி வெளிச்சத்தில் திருப்பினான்.

“எப்ப மாத்தினே?”

“எங்க மாத்தனேன்? மழைக்கு முன்ன போட்டதுதான்.”

“மழைக்கு முன்ன போட்டது எப்படிடா வெள்ளையா இருக்கும்? முடிச்சூர் ரோட்ல ஓடற வண்டி.”

லாசரஸ் வடிகட்டியைப் பிடுங்கித் தானும் திருப்பிப் பார்த்தான். ஷெட்டுக்கு வெளியே ஒரு மணல் லாரி போயிற்று. புழுதி உள்ளே வந்து இருவர் மேலும் இறங்கியது.

“எட்றா சாவிய” என்றான் லாசரஸ்.

எஞ்சினைக் கிளப்பினான். சம்பத் பானெட்டுக்குள் குனிந்து ரப்பர் குழாயைப் பார்த்துக்கொண்டிருந்தான். சும்மா ஓடும்போது குழாய் உருண்டையாக இருந்தது. லாசரஸ் ஆக்சிலேட்டரை மிதித்தான். எஞ்சின் உறுமியது. குழாய் நடுவில் ஒட்டிப்போயிற்று, கன்னத்தை உள்ளே இழுத்துக்கொள்வதுபோல. மிதியை விட்டதும் மறுபடி உப்பிற்று.

“நிறுத்து! நிறுத்து! முன்னால எங்கியோ அடைச்சிருக்கு.”

லாசரஸ் இறங்கி ஓடிவந்து பார்த்தான். “அட, ஆமா! காத்து வரல. மூச்சு முட்டுது பாவம், அது எப்படி…”

யாரிடம் சொல்கிறோம் என்று நினைவு வந்து, கீழே விழுந்த எதையோ தேடுவதுபோலக் குனிந்துகொண்டான்.

சம்பத் ஒரு கம்பியின் முனையைக் கொக்கிபோல வளைத்து, முன்விளக்குக்குக் கீழே இருந்த வாய்க்குள் விட்டான். உள்ளே வளைவில் ஏதோ தட்டுப்பட்டது. இழுத்தான். ஒரு துணி முடிச்சு வந்தது. மஞ்சள் நிறம் இன்னும் போகவில்லை. மறுபடி விட்டான். இன்னொன்று வந்தது, செம்மண் நிறத்தில். பிறகு ஒன்று, பிறகு ஒன்று. ஒன்றின் முதுகில் ஒன்று இறுகி உட்கார்ந்திருந்தன. கடைசியாக, வளைவின் அடியிலிருந்து கறுப்பாக ஒரு கட்டி வந்தது. அதைத் துணி என்றே சொல்ல முடியவில்லை.

லாசரஸ் பின்வாங்கினான். “ஐயோ, எவனோ செய்வினை வெச்சிருக்கான்! தொடாத. நீ தள்ளு, நான் வேதக்காரன், எனக்கு ஒண்ணும் ஆவாது.” சிலுவை போட்டுக்கொண்டான். ஆனால் அவனும் தொடவில்லை.

சம்பத் மஞ்சள் முடிச்சை அவிழ்த்தான். ஒரு காசு. நாலு அட்சதை. துணியின் ஓரத்தில் பச்சைக் கரை. அவனுடைய பழைய வேட்டி. சமையலறையில் கரித்துணியாகக் கிடந்த வேட்டி கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டே வந்ததை அவன் பார்த்திருக்கிறான். திருநீர்மலைக்காரர்கள் வீட்டில் யாருக்காவது உடம்புக்கு வந்தால் பெருமாளுக்கு நேர்ந்துகொண்டு மஞ்சள் துணியில் காசு முடிந்து வைப்பார்கள். ஜெயக்கொடியும் முடிவாள். அரிசிப் பானைக்குள் போட்டு வைப்பாள்.

அவன் முடிச்சுகளை வரிசையாக மட்கார்டின் மேல் வைத்தான். கிளிக்குத் தை மாதம் காய்ச்சல் வந்தது. மாசியில் இருமல். போன வாரம் மறுபடி இருமல். கறுத்த கட்டியை அவன் அவிழ்க்கவில்லை. அது யாருக்கு என்று தெரிந்துவிட்டது.

“யாருப்பா வெச்சாங்க?” என்றான் லாசரஸ்.

“தெரியல.”

“ஓட்டையப் பாத்துட்டு உண்டியல்னு நெனச்சுட்டாங்களா?”

“போ, போய் ஸ்டார்ட் பண்ணு.”

வண்டி முதலில் இருமிக் கொஞ்சம் கரியைத் துப்பியது. பிறகு சுத்தமாக ஓடியது. லாசரஸ் குறைத்து வைத்திருந்த பம்ப்பைப் பழையபடி வைத்தான். அப்போதும் சைலன்சருக்குப் பின்னால் தரை தெளிவாகத் தெரிந்தது. “ஷோக்கா கீது!” என்று லாசரஸ் பானெட்டில் தட்டினான்.

ஜெயக்கொடியை ஏற்றிய காலையில், சேதி கேட்டு ஓடிவந்த கங்கையம்மாள் வண்டியின் முன்னால் குனிந்து நின்றது நினைவு வந்தது. முதல் முடிச்சு அன்றையது. அப்படியானால் அடைப்பு அதற்குப் பிறகு. புகையும் அதற்குப் பிறகு. சம்பத் இதை மனசுக்குள் இரண்டு முறை சொல்லிப் பார்த்தான். நிம்மதி வரும் என்று காத்திருந்தான். பசிதான் வந்தது. முடிச்சுகளை வண்டிக்குள் பெட்டியில் போட்டுவிட்டுக் கை கழுவினான். பரோட்டா சாப்பிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை பொன்னுரங்கம் மோட்டார் சைக்கிளில் வந்தான். மகனுக்குப் பிடிக்கும் என்று கங்கையம்மாள் நெத்திலிக் குழம்பு வைத்திருந்தாள். அவன் உள்ளே வராமல் நேராக வண்டியிடம் போனான். தோளில் கிடந்த வெள்ளைத் துண்டை எடுத்தான்.

“ஸ்டார்ட் பண்ணு மாப்ளே.”

சைலன்சர் வாயில் துண்டைப் பிடித்தான். “மிதி. நல்லா மிதி. டபாய்க்காத.” பிறகு துண்டை விரித்துப் பார்த்தான். திருப்பிப் பார்த்தான். சாம்பல் நிறத்தில் ஒரு வட்டம், அவ்வளவுதான்.

“இன்னா பண்ணே?”

“காத்து போற கொழாய் அடைச்சிருந்துது. எடுத்துட்டேன்.”

“இன்னாது அடைச்சிருந்துது?”

“துணி. எலி இழுத்துக்கினு போய் வெச்சிருக்கும்.”

கங்கையம்மாள் கையில் கரண்டியோடு வாசலில் நின்றிருந்தாள். இடுப்பில் கிளி. மெல்ல இறங்கி வந்தாள். வண்டியின் முன்பக்கம் போனாள். இடது முன்விளக்குக்குக் கீழே ஓட்டைக்குள் விரலை விட்டுத் துழாவினாள். நிமிர்ந்து சம்பத்தைப் பார்த்தாள். அவன் வேறு பக்கம் திரும்பிக்கொண்டான்.

“எலி இல்லடா. நாந்தான்.”

“இன்னாது நீதான்?”

“பெருமாளுக்கு முடிஞ்சு வெச்சேன்.”

“வண்டி மூக்குலயா?”

“பின்ன எங்க வெப்பேன்? அரிசிப் பானைல வெச்சா பான ஊட்லதான் கீது. போய்ட்டு நல்லபடியா திரும்பி வர்றது வண்டிதான? பம்பர்ல கட்னா தாம்பரம் தாண்டறதுக்குள்ள எவனாவது காச அவுத்துக்குவான். அதான் ஓட்டைல பத்திரமாத் தள்ளனேன். அத ஏத்திக்கினு போன அன்னிக்கு மொதல்ல ஒண்ணு.” கிளியை இடுப்பில் ஏற்றிப் பிடித்தாள். “அப்பால கொழந்த இருமறப்பல்லாம் ஒண்ணு.”

பொன்னுரங்கத்துக்குப் புரியக் கொஞ்ச நேரமாயிற்று. துண்டைப் பார்த்தான், ஓட்டையைப் பார்த்தான், குழந்தையைப் பார்த்தான்.

“எம்மோவ்… நீ முடிஞ்சு வெக்க வெக்கப் பொகை. பொகை வர வர இருமலு. இருமல் வந்தா நீ மறுபடி…” சிரிப்பா அழுகையா என்று தெரியாத ஒரு சத்தம் அவனிடமிருந்து வந்தது. அப்படியே காலனிச் சுவரில் சாய்ந்தான். “மொத முடிச்சே ஆஸ்பத்திரிக்குப் போன அன்னிக்குத்தானா?”

“ஆமாண்டா.”

“அப்ப அதுக்கு முன்ன பொகை இல்ல.”

கங்கையம்மாள் குழந்தையை இடுப்பிலிருந்து இறக்கி, சம்பத்தின் காலருகே நிறுத்திவிட்டு, உள்ளே போனாள்.

“தெரிஞ்சிக்கினேதான் எலின்னு சொன்னியா மாப்ளே?”

“சாப்ட்டுப் போங்க மச்சான். கொழம்பு ஆறிடும்.”

பொன்னுரங்கம் சாப்பிட்டான். குழந்தையைப் பற்றிப் பேசவில்லை. போகும்போது அதன் கன்னத்தைக் கிள்ளி முத்தமிட்டான். சாம்பல் வட்டம் விழுந்த துண்டை மறந்தவன்போல அடிபம்பின் மேல் விட்டுப் போனான்.

அன்றிலிருந்து கங்கையம்மாள் கிளியைத் தொடவில்லை. சோறு பிசைந்து கிண்ணத்தில் வைத்து சம்பத்திடம் நீட்டுவாள். குழந்தை வந்து புடவையைப் பிடித்தால், “போ, அப்பாகிட்ட போ” என்பாள். சம்பத் ஜன்னல் கட்டையைத் துடைத்தால் துணி வெறும் புழுதியோடு வந்தது. ஆனாலும் துடைத்தான். இருமல் குறைந்தது. வீடு முன்னைவிடச் சத்தமில்லாமல் இருந்தது. வியாழக்கிழமை டிரங்குப் பெட்டி கட்டிலுக்கு அடியிலிருந்து வெளியே வந்து நின்றது.

“சனிக்கெழம மலைக்குப் போவணும். நேந்த காச உண்டியல்ல போடணும்” என்றாள். “அப்படியே என்னிய அங்க எறக்கி உட்டுடு.”

“ஏன்?”

“ஏன்னா? எங்கையால அதுக்கு ஊதி ஊதி வெஷம் வெச்சிருக்கறேன். இன்னும் இங்க குந்திக்கினு இன்னா பண்றது?”

“அத்தை, அது அடைப்புதான். எடுத்தாச்சு.”

“நீ எலின்னு சொல்லிட்டே. ஊரே எலின்னு நெனச்சுக்கும். எனக்குத் தெரியாதா?”

சனிக்கிழமை காலையில் பெட்டியை டிக்கியில் வைத்தான். கங்கையம்மாள் குழந்தையோடு ஏறினாள். வேறு வழியில்லாமல் மடியில் வைத்துக்கொண்டாள். வண்டி பல்லாவரம் சுற்றித் திரும்பிய பிறகுதான் அவளுக்குத் தோன்றியது.

“ஆட்டுக்கல்ல ஏத்தலியா?”

“இல்ல.”

“ஏன்?”

“திங்கக்கெழம இட்லிக்கு வேணும். எங்கூட்டுது மாவத் துப்பும்னு நீங்கதான சொன்னீங்க.”

“யாரு அரைக்கறது?”

“நான் அரைச்சா நீங்க ஒத்துக்கவா போறீங்க?”

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கொஞ்ச தூரம் போன பிறகு, குழந்தையின் காலில் சரிந்திருந்த கொலுசை மேலே தள்ளிவிட்டாள்.

அடிவாரத்தில் குளத்தோரம் நிறுத்தினான். வெயில் ஏறியிருந்தது. முடிச்சுகளை எடுத்துக்கொண்டு அவள் மட்டும் மேலே போய் வந்தாள். இறங்கி வந்தபோது புடவை முதுகோடு ஒட்டியிருந்தது. முன்சீட்டில் உட்கார்ந்தாள். பின்சீட்டில் கிளி தூங்கிக்கொண்டிருந்தாள். கங்கையம்மாள் உள்ளங்கையை விரித்தாள். கறுத்த கட்டி இன்னும் அங்கேயே இருந்தது.

“மத்ததெல்லாம் போட்டுட்டேன். இது நெறவேறல. நெறவேறாதத எப்படிப் போடறது?”

“போட்டுடுங்க அத்தை. வெச்சிருந்து என்ன பண்ணுவீங்க?”

“போடறேன். அதுக்கு முன்ன ஒண்ணு சொல்லு. கடசியா அது நெஜமா இன்னா சொல்லிச்சு?”

“அதான் சொன்னேனே. அம்மாவப் பாத்துக்கோன்னு…”

“சம்பத்து.” அவள் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது அதுதான் முதல் முறை. “அது என்னிக்கு என்னிய அம்மான்னு கூப்ட்டுது? சின்னதுலேந்து எங்க மாமியாரப் பாத்துப் பாத்து, கங்கா, கங்கான்னுதான் கூப்டும். ஊரே சிரிக்கும். நீ மொத தபா சொன்னப்பவே தெரிஞ்சுபோச்சு. இன்னொரு தபா கேட்டா மாத்திச் சொல்லுவியான்னுதான் கேட்டுக்கினே இருந்தேன்.”

சம்பத் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த தன் கைகளைப் பார்த்தான். நகக்கண்கள் வெளுத்திருந்தன.

“எனக்கு ஏத்த மாரி ஒண்ணும் வாணாம்” என்றாள். “அது வாய்ல வந்தது எதுவோ அது போதும்.”

குளத்தில் யாரோ துணி துவைக்கும் சத்தம் கேட்டது. சம்பத் சொல்லத் தொடங்கினான்.

“அன்னிக்கு உங்களுக்குப் பாய் எடுத்துட்டு வர நான் வீட்டுக்குப் போனேன் இல்ல. திரும்பி வர்றப்ப பல்லாவரத்துல சைலன்சர் கழண்டு ரோட்ல இழுத்துது. மழை. கடை ஒண்ணும் இல்ல. கம்பி போட்டு நானே கட்டினேன். அப்படியே ஓடி வந்தேன். நீங்க வெந்நீருக்குப் போயிருந்தீங்க. நர்சம்மா அப்பதான் படுக்கை மாத்திட்டுப் போயிருந்தாங்க. வெள்ளையா இருந்துது. மூச்சு கொஞ்சம் தேவலையாத்தான் இருந்துது, அத்தை. நான் கைய நீட்டினேன். அப்புறம் கை கழுவப் போனேன். வராந்தா கோடில கொழாய். தண்ணில போகல. யார்கிட்டயோ சோப்பு வாங்கித் தேய்ச்சேன். அப்பவும் போகல. வந்து பாத்தா சுத்தித் திரை போட்டிருந்தாங்க.”

கங்கையம்மாள் முடிச்சை உள்ளங்கைக்குள் மூடிக்கொண்டாள்.

“கயுவப் போனது அது சொல்லித்தானா?”

“ம்.”

“இன்னான்னு சொல்லிச்சு? அது சொன்ன மாரியே சொல்லு.”

ஜெயக்கொடி தன் முகத்தைப் பார்க்கவில்லை, நீட்டிய கையைத்தான் பார்த்தாள் என்றான். மூக்கைச் சுருக்கினாள் என்றான். பிறகு அவள் குரல் அவனுக்கே தெரியாமல் வந்தது.

“‘ஐய, ஒரே கரி. போய்க் கயுவிக்கினு வா. பெட்ஷீட்டு அவங்களுது.’”